நாற்பது நொடி

கும்மிடிப்பூண்டி ரயில் திருவொற்றியூர் தாண்டி சிக்னலில் நின்றுவிட்டது. எதிர் சீட்டில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி ப்ராஜெக்ட் ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"ப்ராஜெக்ட்டுக்காக கம்பெனில வேல செய்ற எங்க நைனாவையே ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்துட்டேன்டி."

"அளந்தா இன்னா?"

"ஒரு பெட்டி கட்ட எப்பவும் ஒரு நிமிஷமாவும். பொண்ணு பாக்குதேன்னு நாப்பதே செகண்டுல கட்டிட்டாரு. நைட்டு வூட்ல இடுப்ப புடிச்சிகினு உக்காந்துகீறாரு."

"அதுக்கு?"

"இன்னிக்கு அவுரு கம்பெனி மேனேஜர் கைல இத குட்க்கணும். அப்பால அங்க எல்லாருக்கும் பெட்டிக்கு நாப்பது செகண்டுதான் டைமு."

"இன்னொரு தபா அளக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன்டி. 'வாம்மா, இன்னும் வேகமா கட்டிக் காட்றேன்'றாரு."