மணல் சலிக்கும் மீன்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன் கையை அடக்கப் பழக வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். இரை கூடினால் கழிவு கூடும். தண்ணீர் கலங்கிப் பவளமெல்லாம் செத்துவிடும். துபாய் ஹோட்டலில் பதினோரு வருடம் தொட்டி துடைத்தவன் நான்.

திருக்கோகர்ணத்து வீட்டிலும் ஒரு தொட்டி வைத்தேன். மணலைச் சுத்தம் செய்ய ஒரு கோபி மீன் வாங்கி விட்டேன். வாய் நிறைய மணலை அள்ளி, சலித்து, செவுள் வழியே கொட்டும். நாள் முழுக்க வாய் ஓயாது. நன்றாகத் தின்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். மூன்றாம் மாதம் வயிறு ஒட்டிச் செத்துக் கிடந்தது. மணலில் இரையே இல்லை, பாவம், வெறும் மணலைச் சலித்திருக்கிறது. அன்று அழுதேன்.

அடுத்த வாரம் அமிர்தவல்லி அக்கா பக்கவாதத்தில் விழுந்தாள். தாயில்லாத என்னை வளர்த்தவள். நான்தான் பார்த்துக்கொண்டேன். தினமும் நான்கு முறை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. நாற்றம் தொட்டி இருக்கும் அறைவரை வந்தது. மூன்று வேளைக் கஞ்சியை ஒரு வேளையாக்கினேன். பிறகு அரை டம்ளர். பிறகு வெறும் தண்ணீர். வீடு சுத்தமாகிவிட்டது. நீங்களே பார்த்தீர்களே, எங்காவது ஒரு கறை இருந்ததா?

பக்கத்து வீட்டுச் சுகுணா ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, போர்வை நுனியை மென்றுகொண்டிருந்தாள்.

"அக்கா நல்லா சாப்பிடுறாங்க போலண்ணே. வாய் ஓயவே இல்லையே. ஒங்கள மாதிரி தம்பி யாருக்கு வாய்க்கும்?"

"இப்பத்தாம்மா ஊட்டிட்டு வாரேன்," என்றேன்.

அக்கா வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னாராம். பட்டினி போட்டுக் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் கடுமையான சொல்தான். நான் அளவைக் குறைத்தேன், முப்பத்தாறு நாள். அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். தொட்டியில் இப்போது இருப்பது இரண்டாவது கோபி. கட்டுமாவடி இறாலைப் பொடியாக நறுக்கி, காலையும் மாலையும் குழாய் வழியாக மணல்மேல் விட வேண்டும். அந்த முப்பத்தாறு நாளில் ஒரு வேளைகூட நான் தவறவில்லை. யாரையாவது அனுப்புங்கள் சார். வாயில்லா ஜீவன், பசித்தால் சொல்லத் தெரியாது.

அக்காவுக்குத் தெரியும். "தம்பி, பசிக்குதுடா" என்று கடைசி நாள்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.