நாற்காலிக்குக் கீழே வெள்ளைக் கொடி

தம்பி: எந்திரிக்காத அக்கா. சண்டைக்கு வரல. கோச்சா வந்திருக்கேன்.

அக்கா: கோச்சா வந்தா கதவைத் தட்டிட்டு வரணும். இது நடுவர்கள் ரூம்.

தம்பி: தட்டினேன். உனக்குக் கேக்கல.

அக்கா: கேட்டுச்சு. திறக்க வேண்டாம்னு உக்காந்திருந்தேன்.

தம்பி: அப்பீல் போடப் போறேன். பொண்ணுங்க நீளம் தாண்டுதல், கடைசித் தாண்டல். ஃபவுல்னு சிவப்புக் கொடி தூக்கினது தப்புன்னு.

அக்கா: போடு. அரை மணி நேரம் தர்றாங்க, அதுல பாதி போயிடுச்சு. எங்கிட்ட எதுக்கு சொல்ற?

தம்பி: கொடி தூக்கினது நீ. தாண்டினது உன் பொண்ணு. உங்கிட்ட சொல்லாம போட்டா நாளைக்கு எனக்கு உன் வீட்டுல சோறு கிடைக்காது.

அக்கா: இன்னைக்கே கிடைக்காது.

தம்பி: அக்கா, அந்த ஒரு தாண்டல் செல்லுச்சுன்னா அவ ஃபர்ஸ்ட். ஃபர்ஸ்ட் வர்றவளைத்தான் தேசிய அணிக்கு எடுக்கறாங்க. நேரா கேக்கறேன். கால் பட்டுச்சா?

அக்கா: பட்டுச்சு.

தம்பி: எங்க?

அக்கா: தாண்டற பலகையோரம், கால் பட்டா அச்சு விழட்டும்னு வச்சிருக்கிற களிமண்ல. வேற எங்க படும்?

தம்பி: அச்சு விழுந்திருந்துச்சா?

அக்கா: விழுந்திருந்துச்சு.

தம்பி: வா, காட்டு.

அக்கா: தேச்சு விட்டாச்சு. அடுத்து ஒரு பொண்ணு தாண்ட நின்னுட்டிருந்தா. அவளுக்கு மண்ணு வழவழன்னு இருக்க வேண்டாமா?

தம்பி: ஆக, இப்ப சாட்சி உன் வாய் மட்டும்தான்.

அக்கா: என் வாய்க்கு என்னடா குறைச்சல்? இத்தனை வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒருத்தன் விரல் நீட்டினதில்ல.

தம்பி: ஷூ ஆணி எத்தனை பதிஞ்சிருந்துச்சு?

அக்கா: என்னடா, போலீஸ் விசாரணையா?

தம்பி: ரெண்டா, மூணா?

அக்கா: ...ரெண்டு.

தம்பி: இடது காலா, வலது காலா?

அக்கா: அவ எந்தக் காலை ஊனி எம்புவான்னு எனக்குத் தெரியாதா? பெத்தவடா நான்.

தம்பி: பெத்தவளைக் கேக்கல. நடுவரைக் கேக்கறேன்.

அக்கா: ...காலையில அந்த விசில்காரன் என்ன சொன்னான்னு உனக்குத் தெரியுமா?

தம்பி: எந்த விசில்காரன்?

அக்கா: எதிர் கிளப்பு கோச். கழுத்துல விசிலோடயே தூங்குவானே, அவன்தான். கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் சொல்றான். "அம்மா கொடி பிடிக்கறாங்க, பொண்ணு மெடல் வாங்கறா, நல்ல குடும்பத் தொழில்"னு. எல்லாரும் சிரிச்சாங்க.

தம்பி: நீ என்ன சொன்ன?

அக்கா: என்னத்தச் சொல்ல? காப்பியை அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்.

தம்பி: சீஃப் நடுவர்கிட்ட போயி, பலகைக்கு வேற ஆளைப் போடுங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?

அக்கா: சொன்னேன். வரவேண்டியவருக்குக் காய்ச்சலாம். வேற ஆள் இல்லையாம். "உங்களை எங்களுக்குத் தெரியாதா டீச்சர்"னு சிரிக்க வேற சிரிச்சாரு.

தம்பி: தெரியாம என்ன? வீட்டுல சீட்டாடும்போது, உன் பொண்ணு பக்கத்து ஆள் சீட்டை எட்டிப் பாத்துட்டாள்னு ஆட்டத்தையே கலைச்சவதானே நீ.

அக்கா: பின்னே? பாத்தா கலைக்காம?

தம்பி: அவ பாக்கலக்கா. பாத்தது நான்.

அக்கா: ...அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

தம்பி: நீ கேட்டாத்தானே? நேரா அவளைத்தான் முறைச்ச. அவ விஷயம்னா உனக்கு விசாரணையே கிடையாது.

அக்கா: சரி, சரி. வந்த வேலையைப் பாரு.

தம்பி: அதைத்தான் பாக்கறேன். நான் ஒண்ணு கவனிச்சேன். சொல்லட்டுமா?

அக்கா: வேண்டாம்னா விட்டுடவா போற?

தம்பி: நான் வேலி ஓரமா நின்னுட்டிருந்தேன். உன் நாற்காலி நேரா தெரிஞ்சுது. உன் மடியில எப்பவும் ரெண்டு கொடி இருக்கும். வெள்ளை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்.

அக்கா: ஆமா, அதுக்கென்ன?

தம்பி: அவ கடைசியா ஓட வந்து நின்னப்போ, வெள்ளைக் கொடி நாற்காலிக்குக் கீழ கிடந்துச்சு.

அக்கா: காத்துல விழுந்திருக்கும்.

தம்பி: காத்தா? காத்தை அளக்கறதுக்குன்னே உக்காந்திருந்தவர் கொட்டாவி விட்டுட்டிருந்தார். நீயேதான் குனிஞ்சு கீழ வச்ச. பாத்தேன்.

அக்கா: அதுக்கு முன்னாடி எல்லாத் தாண்டலுக்கும் வெள்ளைதாண்டா தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் அந்த விசில்காரன் கூட்டத்துல இருந்து "ஓஹோ"ன்னான். கடைசிக்கு அவ வந்து நின்ன நிலையைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, இதுல ஜெயிச்சுடுவான்னு.

தம்பி: பலகையைப் பாத்தியா, இல்லையா?

அக்கா: இல்ல.

தம்பி: அக்கா...

அக்கா: கண்ணை மூடிட்டேன். மணல்ல விழற சத்தம் கேட்டுச்சு. சிவப்பைத் தூக்கிட்டேன். போதுமா?

தம்பி: களிமண்ணைத் தேச்சியே, அப்பவாவது...

அக்கா: அப்பவும் பாக்கல. பாத்து, அச்சு இல்லாம போயிட்டா நான் என்னடா செய்வேன்?

தம்பி: நல்லாத்தான் காப்பாத்தியிருக்க, நம்ம குடும்ப மானத்தை.

அக்கா: குத்தாத. அவளுக்குச் சாதகமா தூக்கினாத்தான் திருட்டுன்னு நெனச்சிட்டிருந்தேன்... அங்க மாட்டியிருக்கிற என் நடுவர் கோட்டை எடு. அந்தக் கழுத்து அட்டையையும் குடு.

தம்பி: எங்க கிளம்பற?

அக்கா: சீஃப்கிட்ட. பலகையைப் பாக்கலன்னு சொல்லிட்டு வரேன்.

தம்பி: உக்காருக்கா முதல்ல.

அக்கா: ஏண்டா? நீதானே அப்பீல், அப்பீல்னு குதிச்சிட்டு வந்த?

தம்பி: நான் போடறது வேற. நடுவர் கவனம் தப்பியிருக்கலாம்னு சொல்லுவேன், அவங்க யோசிப்பாங்க. நீயே போய்ச் சொன்னா அந்தக் கோட்டை இன்னைக்கே கழட்டிடுவாங்க. அந்த விசில்காரன் வேற...

அக்கா: ஊதட்டும். ஊதறதுக்குத்தானே மாட்டியிருக்கான்.

தம்பி: அவளுக்கு வயசிருக்குக்கா. அடுத்த வருஷம்...

அக்கா: அடுத்த வருஷத்தை அவ பாத்துப்பா. இந்த வருஷத்தைப் பிடுங்கினது நான். நகரு.

மகள்: மாமா, உங்களை எங்கெல்லாம் தேடறது? ...என்ன, ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க?

தம்பி: ஒண்ணுமில்ல குட்டி. நீ வெளிய இரு.

அக்கா: இல்ல, உள்ள வா. உனக்குத்தான் முதல்ல தெரியணும். உன் கடைசித் தாண்டலை நான் பாக்கல. பாக்காமலேதான் சிவப்பு தூக்கினேன்.

மகள்: ...பாக்கவே இல்லையா?

அக்கா: இல்ல. அதைத்தான் சீஃப்கிட்ட சொல்லப் போறேன். உன் மாமன் குறுக்க நிக்கறான்.

மகள்: சொன்னா என்ன ஆகும்?

தம்பி: அச்சும் இல்ல, பாத்த ஆளும் இல்ல. சந்தேகம்னா தாண்டினவ பக்கம்தான் தீர்ப்பு. அப்பவே நான் போட்ட கூச்சல்ல தூரத்தை அளந்து வச்சிருக்காங்க. நீ ஃபர்ஸ்ட். அணியில உனக்கு இடம்.

மகள்: அம்மாவுக்கு?

தம்பி: இனிமே யாரும் கொடி குடுக்க மாட்டாங்க.

அக்கா: என்னைப் பத்தி நீ ஏன் யோசிக்கற? தப்பு என்னோடது. கண்ணைத் துடை.

மகள்: அழலம்மா. மாமா, நேரம் இருக்கா இன்னும்?

தம்பி: இருக்கு, கொஞ்சம். ஏன்?

மகள்: நானும் அம்மாகூடப் போறேன்.

அக்கா: நீ எதுக்கு? எனக்குப் பரிஞ்சு பேசவா? அந்த வேலையே வேண்டாம்.

மகள்: பரிஞ்செல்லாம் பேசல. பாக்கலன்னு நீ சொல்லும்மா. கால் பட்டுச்சுன்னு நான் சொல்லணும்ல.