பிரேக் பிடிச்ச கோடு

— நீங்களேவா அந்த டயர் கோட்ட அளந்தீங்க சுமலதாக்கா? சேதராப்பட்டு ரோட்டுல உக்காந்தா?

— நானேதான் மெரின். ஜாக்கெட் அளக்கற டேப்பு. ஆறு டேப்பு முழுசா, ஏழாவதுல நூறு சென்டிமீட்டர். காரியம் முடியறதுக்குள்ள வாசப்படி தாண்டிட்டேன்னு அத்தை ஊரெல்லாம் சொல்லுச்சு.

— ஒரு டேப்பு ஒன்றரை மீட்டர். ஆறுக்கு ஒம்பது, மேல ஒண்ணு. பத்து மீட்டர், சரியா? கோடு முடிஞ்ச எடத்துலயே வண்டி நின்னுடுச்சா?

— அங்கயேதான். குறுக்க வந்த மாட்டு மேலகூட படல. நின்னு சாஞ்சிருக்கு. சாஞ்சப்ப இவரு தலை ஓரத்துக் கல்லுல பட்டுடுச்சு.

— ம்... பிளஸ் ஒன் பசங்களுக்கு தினம் போடற கணக்குதான்க்கா. உங்க வீட்டுக்காரருக்குப் போட கை வரல.

— போடும்மா. ‘இவ ஃபோன் பண்ணி எம்புள்ளைய பறக்க வச்சா, அதான் போய்ட்டான்’னு அத்தை நெல்லித்தோப்பு பூரா சொல்லுது. எங்கிட்ட எட்டு மாசமா ஒரு வார்த்த கெடையாது. நான் உக்காந்தா தட்டோட எழுந்து போகுது. ஒரே வீட்ல ரெண்டு பேரு, ரெண்டு சோத்து ஒல. இவரு வேகமா வந்தாரா இல்லையா, அது தெரியணும் எனக்கு.

— இருங்க. காஞ்ச தார் ரோடு, நல்ல பிரேக்கு. பிடிச்சதுலேந்து வேகம் ஒரே சீரா கொறையுதுன்னு வச்சுக்கலாம், செகண்டுக்கு அஞ்சு அஞ்சா. சரியா? நிக்கறப்ப சைபர். அப்ப ஃபார்முலாவுல இருக்கற ரெண்டு, இந்த அஞ்சு, கோட்டு நீளம் பத்து, மூணையும் பெருக்குனா நூறு. அதுக்கு வர்க்கமூலம் பத்து, அதான் வேகம்.

— பத்தா! தள்ளுவண்டிக்காரன் போற வேகம்!

— அது செகண்டுக்குப் பத்து மீட்டர்க்கா. மணிக்கு எத்தன கிலோமீட்டர்னா மூணு புள்ளி ஆறால பெருக்கணும். முப்பத்தாறு.

— முப்பத்தாறு... பிரேக் பிடிச்சு நிக்கற வரைக்கும் எவ்ளோ நேரம்?

— செகண்டுக்கு அஞ்சு கொறையுது. பத்து தீர ரெண்டு செகண்டு.

— ரெண்டு செகண்டு. அதுக்குள்ள என்னா நெனச்சாரோ.

— அழாதீங்க. முப்பத்தாறுன்னா நிதானம். உங்க அத்தைகிட்ட நானே வந்து சொல்றேன். உங்க ஃபோனால ஒண்ணும் ஆகல, சரியா?

— அவரு வந்தது மதியம் ரெண்டு மணிக்கு. அப்ப அந்த ரோட்டுல கூட்டம் இருக்குமா மெரின்?

— இருக்காதே. ஏன்க்கா?

— அன்னிக்கு தலை சுத்தி அடுப்படியில விழுந்துட்டேன். ‘தனியா கெடக்கேன், பயமா இருக்கு, ஓடியாங்க’ன்னேன். ‘இதோ பறந்து வர்றேன்’னாரு.

— ...நிதானமான மனுஷரு போல.

— கறி வாங்கப் போறப்பகூட அம்பதுல போவாரு.

— அக்கா...

— அத்தை பேசாட்டி போகுது. இன்னொரு வாட்டி போடு மெரின். எப்படியாச்சும் ஒரு அறுபது வர்ற மாதிரி போடு.