அப்புவின் பெயர் போன வள்ளம்

பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட ஒழுங்காக எழுதாத நான் இதை எழுதத் துணிந்ததை மன்னிக்க வேண்டும். பூநகரி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்:

“அக்கா, என்ர மனிசன் அப்புவை மருந்து பூசிச் சுரண்டிப்போட்டார்.”

“என்னடி புஸ்பம் சொல்லுறாய்?”

“கலியாணத்துக்கு அப்பு சீதனமாத் தந்த வள்ளத்தில அவற்ற பேரெல்லோ எழுதிக்கிடந்தது. ‘மாமன்ர வள்ளம்’ எண்டு எல்லாரும் இவருக்கு நக்கலாம். பழைய பெயின்ற் கழட்டுற மருந்து வாங்கிப் பூசினார். பெயின்ற் அப்பளம் மாதிரிப் பொங்கிச்சுது. சிரட்டையால வழிச்செடுத்தார். பேரும் போச்சு.”

“கொப்பர் அறிஞ்சால்?”

“நாளைக்கு வாறார். கோவம் வந்தால் வள்ளத்தைத் திருப்பிக் கேட்டுப்போடுவார்.”

“இனி உன்ர மனிசன் தன்ர பேரை எழுதப்போறானாக்கும்?”

“எழுத விடுவனே? பெயின்ற் டின்னும் பிரசும் இந்தா, என்ர மடியிலதான் கிடக்கு.”

அக்கா சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை மீன் வாங்கக் கரைக்குப் போனேன். ஒரு வள்ளத்தில் ‘புஸ்பம்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. பெயின்ற் இன்னும் காயவில்லை. எழுத்தில் கை படாமல் மாமனும் மருமகனும் அதைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.