உப்புக்காற்று செய்யாத வேலை

அண்ணன் தோட்டத்துக்கு முதல் தடவை போனபோதே, நல்ல தண்ணீர்க் கிணற்றில் வாளியைக் கயிற்றோடு நழுவவிட்டது நான்தான். நெசவுக்காரன் கை, நூல் பிடிக்கும், கயிறு பிடிக்காது. கெட்ட பெயரைச் சரிக்கட்ட உப்பளத்து வாய்க்காலில் குடத்தை முக்கி ஒரு மாங்கன்றுக்கு ஊற்றினேன். அடுத்த தடவை போனால் அது கருகி நின்றது. இதுவரை கைத்தவறு. இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை.

ஆரணியில் நானும் தசரதன் அண்ணனும் ஒரே தறி. கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் உடலை நெய்வான். பக்கத்தில் உட்கார்ந்தவன் கரைக்கு ஊடைநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவான். எழுபத்தாறாம் வருஷம் அண்ணன் தறியை விட்டு எழுந்து, மரக்காணத்துப் பக்கம் கடலோரமாக மாந்தோப்பு வைக்கப் போய்விட்டார். காற்றைத் தடுக்கச் சவுக்கு, அதற்குப் பின்னால் மா. நான் வேறு ஆளை வைத்துப் பார்த்தேன். அவன் தள்ளிய நாடாவில் கரை கோணிக்கொண்டு போனது. அண்ணன்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே மாதாமாதம் வந்தவாசி, திண்டிவனம் என்று பஸ் மாறிப் போனேன். மதியம் அண்ணன் கண்ணயர்ந்ததும் அதே வாய்க்கால், அதே குடம், வேறு கன்று. இவ்வளவு பொறுப்பான தம்பி யாருக்குக் கிடைப்பான்?

“இன்னாடா தணிகா, இலையெல்லாம் நுனி கருகிகினு வருது?”

“காத்துண்ணா. பேஜார் புடிச்ச உப்புக்காத்து. பேசாம தறிக்கே வந்துடு.”

“இன்னும் நாலு சவுக்கு வெச்சா அடங்கிடும்டா,” என்பார். வைக்கவும் செய்தார். குழி வெட்டிக் கொடுத்தது நான்.

கடைசிக் கன்றும் பட்டுப்போன வாரம், பழைய சவுக்கு ஒன்றில் அண்ணன் தூக்குப் போட்டுக்கொண்டார். ஊர் திரும்புவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். திரும்பினார், லாரியில்.

உப்புக்காற்றில் தோட்டம் அழிந்த விரக்தி என்று நீங்கள் போலீஸ் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். காற்றுக்கு அவ்வளவு பொறுமை ஏது ஐயா? அதை அடித்துவிடுங்கள்.

காரியம் முடிந்த அன்று அண்ணி விருத்தாம்பாளிடம் மெதுவாகக் கேட்டேன். “அண்ணனுக்கு எம்மேல ஏதாச்சும் சந்தேகம் இருந்துச்சா அண்ணி?”

“சந்தேகம் இன்னா தம்பி? கன்னுக்கடி மண்ண எடுத்து நாக்குல வெச்சுப் பாத்தாரு. நீ குடம் தூக்கிகினு போறதையும் படுத்துகினே பாத்துகினு இருந்தாரு. கேட்டுடுங்கன்னேன். கேட்டா அப்புறம் அவன் வரமாட்டான்னுட்டாரு.”