ஏழாவது துண்டு

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை எங்கள் ஆஸ்பத்திரி சந்தடியில்லாமல் இருக்கும். பாதிப்பேர் தொழுகைக்குப் போய்விடுவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைக்காரன். அதனால் இந்தச் செமாராங் ஊருக்கு வந்து பதினொரு வருடமாக அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் பெரிய கணினியை நிறுத்திவிட்டு, அதன் வட்டுகளை, அதாவது டிஸ்க்குகளை, சோதிப்பேன்.

இதென்ன பிரமாதம் என்று நினைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். எங்கள் பக்கம் மின்சாரம் திடுதிப்பென்று போகும். அப்போது திறந்திருக்கிற பதிவுகளில் சில அறுந்துவிடும். யாருடையது என்று தெரியாத துண்டுகளைச் சோதனை பொறுக்கி எடுத்து, ஒரு தனி ஃபோல்டரில் போடும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். மற்ற இடங்களில் அவற்றை அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒவ்வொன்றையும் திறந்து படித்து, உரியவரின் பதிவில் திரும்பச் சேர்ப்பேன். அதற்குப் பொறுமை வேண்டும். என்னிடம் அது நிறையவே உண்டு.

ஃபத்தோனி கணினித் துறையில் என் எதிர் மேசைக்காரன். அவன் மனைவி வெனிங் வெள்ளிதோறும் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுப்பாள். அவர்கள் வீட்டுப் பெருநாளுக்கு நானும், எங்கள் கிறிஸ்துமஸுக்கு அவர்களும் தவறியதில்லை. கூடப் பிறந்தவன் இருந்திருந்தால்கூட அவ்வளவு நெருங்கியிருப்பானா என்று தெரியாது.

வாராவாரம் எதற்குக் கணினியை நிறுத்துகிறீர்கள் என்று ஆஸ்பத்திரி இயக்குநர் ஒரு கூட்டத்தில் கேட்கப்போவதாக முன்பே தெரிந்திருந்தது. "நான் பேசிக்கிறேண்ணே, நீங்க கம்முனு உக்காருங்க" என்றான் ஃபத்தோனி. பேசத்தான் செய்தான்.

"புது வட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லீங்க சார். யூலியுஸ் அண்ணனுக்கு அது ஜெபமாலை உருட்டுற மாதிரி. செய்யலைன்னா கை நடுங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். சோதனை அன்றோடு நின்றது. அடுத்த மாதம் ஃபத்தோனி துறைத் தலைவனானான். எனக்குப் பிரிண்டர்களுக்கு மை மாற்றும் வேலை கிடைத்தது. வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், இப்போதும் எரிகிறது.

மார்ச்சில் ஒருநாள் மின்சாரம் நாலைந்து தடவை போய்வந்தது. மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அந்த வெள்ளிக்கிழமை சோதனையை ஓட்டினேன். ஏழு துண்டுகள் கிடைத்தன. ஆறை உரிய இடத்தில் சேர்த்தேன்.

ஏழாவது வெனிங்குடையது. அந்த வாரம் பல்வலிக்கு வந்திருந்தாள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, முன்பு ஒருமுறை மூச்சு நின்று பிழைத்தவள் என்று எழுதியிருந்தது.

அதை அப்படியே விட்டேன். அழிக்கவில்லை, கவனியுங்கள். ஃபத்தோனி ஒரே ஒருமுறை வந்து, "அண்ணே, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஐந்து மாதம் காத்திருந்தேன். அவன் என் அறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் அவன் ஜகார்த்தா போயிருந்தபோது வெனிங்கைக் கடும் காய்ச்சலில், நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். கூட வந்தது அவள் தங்கை ரெட்னோ. நான் அவசரப் பிரிவில் பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"எனக்குச் சரியாத் தெரியலீங்களே. கம்ப்யூட்டர்ல இருக்கும், எங்க மச்சான்தானே அதைப் பாத்துக்கிறாரு."

நர்ஸ் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைன்னுதான் காட்டுது."

ரெட்னோ என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்களுக்குத் தெரியுமே. அது சரிதானா?"

அவள் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி. நானும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பதில் சொன்னேன். "உங்க மச்சான் பொறுப்புல இருக்கிறது தப்பா இருக்குமாம்மா?"

பென்சிலின் ஊசி போட்டார்கள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ரெட்னோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தது நான்தான், கேட்டுப்பாருங்கள்.

அடக்கத்துக்கு வந்த ஃபத்தோனி என் தோளில் சாய்ந்து, "அண்ணே, எப்படிண்ணே பதிவுல இல்லாமப் போச்சு?" என்றான். ஐந்து மாதமாக நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஏழாவது துண்டை எடுத்து அவள் பதிவில் சேர்த்தேன். அந்த நேரத்தைக் கணினி குறித்துவைத்திருந்ததால்தானே நீங்கள் விசாரணைக்கு என்னிடம் வந்தீர்கள். அது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் செய்தேன். வேலையை அரைகுறையாக விடுவது என்னிடம் கிடையாது. வெனிங்கின் பதிவை இப்போது நீங்களே திறந்து பாருங்கள், ஓர் எழுத்துகூடச் சிதையாமல் முழுசாக இருக்கிறது.