கதவுக்குப் பின்னால் நின்றவள்

எங்கள் தத்துவக் குழுவில் காலை வணக்கப் படம் போட்டால் உடனே நீக்கிவிடுவேன். அந்த இணையக் குழுவுக்கு நான்தான் அட்மின். பிழைப்புக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. குழுவில் புனைபெயரில் வாதாடலாம். சேரும்போது மட்டும் சொந்தப் பெயரும் விலாசமும் என்னிடம் தந்தாக வேண்டும். போலிகளைத் தடுக்க நான் போட்ட விதி.

‘நீர்க்காகம்’ என்ற பெயரில் எழுதியவள் பானுமதி. முட்டுக்காட்டு மீனவர் வீட்டுப் பெண். அடி தாங்காமல் வந்து கேளம்பாக்கத்தில் தனியாக இருக்கிறேன், புருஷனுக்குத் தெரியக் கூடாது என்று சேரும்போதே சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் குரலில் பேசும் கூட்டம். பழைய கேள்வி ஒன்றை எடுத்தோம். நீ ஒளித்துவைத்திருப்பவளைத் தேடி ஒருவன் கத்தியோடு வந்து கேட்டால் பொய் சொல்லலாமா? கூடாது என்றேன். ஒரு பொய்யை அனுமதித்தால் எந்தச் சொல்லையும் நம்ப முடியாது என்றேன். நன்றாகவே பேசினேன்.

“மூச்சு வுடாம பேசிகினே கீறியே அண்ணாத்த, கதவுக்குப் பின்னாடி நிக்கிறாளே, அவள ஒரு தபா கேட்டுப் பாத்தியா?” என்றாள் பானுமதி.

குழுவே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். கூட்டத்தை அத்தோடு முடித்தேன். யாரோ அதைப் பதிவுசெய்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

சில நாளில் ஜானகிராமன் என்பவர், குழுவின் அட்மின் என்று என் நம்பரைத் தேடிப்பிடித்து, போன் செய்தார். “அண்ணாத்த, அது எம் பொண்டாட்டி கொரலு. எங்க கீறா, சொல்லேன்.” அழுதார். குடித்திருந்தார்.

தெரியாது என்றால் அது பொய். சபையில் பேசிய கொள்கையை வீட்டில் மாற்றிக்கொள்ள முடியுமா? பேசாமல் போனை வைத்திருக்கலாமே என்பீர்கள். அது எனக்கும் தோன்றியது. அன்று அவள் கேட்டதற்குக் குழு சிரித்த சிரிப்பும் கூடவே காதில் கேட்டது. தெருவைச் சொன்னேன். அவர் கேட்காமலே மாடியையும் சொன்னேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். கத்தியைத் தடுத்த வலது கைவிரல்கள்தான் இனி மடங்காதாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அவள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் அன்று உண்மையைத்தான் சொன்னேன் என்ற ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு விலாசத்த நீங்க யாருக்காச்சும் குடுத்தீங்களா சார்?”

“இல்ல சார்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.